மேரக்காய்ப் பந்தலுக்குப் பின்னால் நாலு பேர்ச்

2024 ஜனவரியில் இலங்கையில் ஒரு கிலோ கரட் 2,000 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் ஹட்டன் மார்க்கெட்டில் கால் கிலோ கேட்டேன். கடைக்காரர் மூன்று கரட்டைத் தராசில் போட்டார், நாலாவதைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டார். கரட் விளைகிற நுவரெலியா எங்களுக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது.

நான் டவுனில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு டியூஷன் கிளாஸில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன். கிளாஸ் நடக்கிற வீட்டுக்குப் பின்னால், வீட்டுக்கார அம்மாவின் நாலு பேர்ச் நிலம் சும்மா கிடந்தது. அன்று மாலை மூன்று கரட்டையும் மேசையில் வைத்து, “பின்னால நிலம் இருக்கு. சனிக்கிழமை வாங்க, தோட்டம் போடுவோம்” என்றேன். முப்பத்திரண்டு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்த பொடியன் மட்டும் சொன்னான்: “தோட்டம் வேணாம்னுதானே சேர் எங்கப்பா டவுனுக்கு வந்தாரு.”

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் மனதுக்கு வரும். இங்கே தோட்டம் என்றால் தேயிலை. வரிசை வீடான லயம், காலையில் ஆள் எடுக்கிற பெரட்டு, வேலையை மேய்க்கிற கங்காணி, மழையில் நனைந்த கொழுந்துக் கூடை. என் கிளாஸில் பாதிப் பேருடைய அப்பா அம்மா அதை விட்டுக் கடைக்கும், கராஜுக்கும், கொழும்புக்கும் போய்ப் பிழைத்து, டவுனில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தவர்கள். டிக்கோயாப் பக்கத்து லயத்தில் பிறந்த நானே அந்தச் சொல்லை இப்படிப் போட்டு உடைத்தேன். அந்தச் சனிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

அடுத்த கிழமை கரட்டைப் பற்றியே பேசாமல் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்: ‘இந்தக் காசு யாருக்குப் போகுது?’ இதற்குப் பிள்ளைகள் மசிந்தார்கள். ஒருத்தனுடைய மாமா மரக்கறி லொறி ஓட்டுகிறவர். இன்னொருத்தியின் சித்தி வெலிமடைப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கோவா (முட்டைக்கோஸ்) போடுகிறவர். மூன்று பேர் டவுனில் கடை கடையாக விலை எழுதினார்கள், மற்றவர்கள் போனில் விசாரித்தார்கள். ஒரே நாளில் எடுத்த கணக்கு: சித்தியின் கையில் ஒரு கிலோ கோவா 110 ரூபாய், எங்கள் டவுனில் 280. இடையில் மொத்த மரக்கறிச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்துக் கொமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, லொறி, சாக்கில் அமுக்கிக் கட்டியதில் நசுங்கிக் கழிந்த இலை. இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். எதிர்பாராத ஒன்று போஞ்சியில் (பீன்ஸ்) வந்தது. ஒரு கடையில் இருந்த போஞ்சி மலையில் விளைந்து, தம்புள்ளைக்கு இறங்கி, அங்கே கைமாறி, திரும்ப மலை ஏறி வந்திருந்தது. “நம்மள விட கூட ஊர் சுத்தியிருக்கு” என்றான் லொறிக்காரர் மருமகன். அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள்: “நாம இங்கனயே போட்டு இங்கனயே வித்தா என்னா சேர்?”

அதோடு அந்த இடத்துக்குப் பெயர் ‘கடை’ ஆகிவிட்டது. ஒரு கீரைத் தண்டுகூட முளைக்கும் முன்னாலேயே ‘சனிக்கிழமை கடைக்கு வாறியா?’ என்றுதான் பேச்சு. நானும் அதன்பிறகு மற்றச் சொல்லை எடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். சராசரிக்கு ஒன்பது பேர் வருவார்கள்.

நாலு பேர்ச் என்றால் ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி. அதில் ஒரு மூலையில் பக்கத்துக் கராஜ்காரர்கள் முன்பொரு காலத்தில் கழிவு ஒயிலும் பழைய பெற்றரியும் கொட்டியிருந்தார்கள். அந்த மூலையில் ஒன்றும் நடக்கூடாது என்று முதல் நாளே கயிறு கட்டினேன். ஈயம் மண்ணில் இறங்கினால் போகாது. கீரைக்குள் ஏறாவிட்டாலும் இலையில் ஒட்டின மண்ணோடு வயிற்றுக்குள் போகும். பிறகு அந்த இடத்தில்தான் விற்கிற மேசையைப் போட்டோம். மிச்ச நிலத்தில் கட்டடக் கழிவு. இரண்டு சனிக்கிழமை கல்லும் ஓடும் பொலித்தீனும் பொறுக்கினோம், பத்தொன்பது உர பேக்.

மூன்றாம் கிழமை ஒரு அம்மா வந்தார். கிளாஸில் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் அம்மா, டவுனில் துணிக்கடையில் வேலை. வாசலில் நின்றபடியே பேசினார். “சேர், நீங்க படிச்சவரு, ஒண்ணும் தப்பா சொல்லல. ஆனா எம்புள்ள மம்பட்டி புடிச்சிட்டு நிக்கிறத ரோட்டுல போற எங்க தோட்டத்து ஆளுங்க பாத்துட்டு வந்து கேக்குறாங்க. இதுக்கா நான் லயத்த விட்டு வந்தேன்?”

என்னிடம் பதில் இல்லை. உழைப்பின் மேன்மை பற்றி நான் அவருக்கு வகுப்பெடுக்க முடியாது. பதினேழு வருடம் கொழுந்து பறித்தவர் அவர். “ரோட்டுல இருந்து தெரியாட்டி பரவாயில்லையா?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, “தெரியாட்டி சரி” என்றார்.

அப்படித்தான் மேரக்காய் (சௌசௌ) வந்தது. திட்டத்தில் அது இருக்கவேயில்லை. முளைவிட்ட மேரக்காய் நாலை முழுசாக, முளை மேலே தெரிய, சாய்த்துப் பாதி புதைத்தோம். காயை வெட்டி விதை எடுக்க வேலையில்லை, காயே விதை. ரோட்டுப் பக்க வேலியோடு சவுக்குக் கம்பு நட்டு, கம்பியும் பழைய கேபிள் வயரும் இழுத்துப் பந்தல் போட்டோம். அது படரும்வரை மறைப்புக்கு, ஒரு பிள்ளையின் அப்பா வீட்டில் வைத்திருந்த பேனர் இரண்டு கிடைத்தது. 2023இல் நடக்கும் என்று சொல்லி நடக்காமல் போன உள்ளூராட்சித் தேர்தலுக்கு அடித்தவை. வேட்பாளர் இருவரும் எங்கள் பாத்தியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுப் பின்னால் மரக்கறி போடுகிற பலருக்கும் முதல் அடி இங்கேதான் விழுகிறது.

மலைநாட்டுச் செம்மஞ்சள் மண் புளிப்பு மண். வருடக்கணக்கில் பெய்கிற மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். தேயிலைக்கு அது பிடிக்கும்; 4.5 முதல் 5.5 வரை பிஎச் இருந்தால் தேயிலை குஷியாக வளரும். கோவா, பீட்ரூட், போஞ்சிக்கு 6க்கு மேல் வேண்டும். புளிப்பு மிஞ்சினால் மண்ணில் இருக்கிற அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், பொஸ்பரஸ் பூட்டுப் போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும். எவ்வளவு உரம் போட்டாலும் செடி ஊதா நிறத்தில் குறுகி நிற்கும். பலர் அதைப் பார்த்து இன்னும் உரம் போடுவார்கள்.

பாடப் புத்தகத்தில் அமிலமும் காரமும் என்று படிக்கிற பாடத்தை அன்று பின்னால் கொண்டுபோய் நடத்தினேன். ஐந்து இடத்தில் அரை அடி ஆழத்தில் மண் எடுத்து, காய்ந்த மண் ஒரு பங்குக்கு காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் பிஎச் தாள் தொட்டோம். நாலு இடத்தில் 5க்குக் கீழே. வீட்டுச் சுவரோரத்தில் மட்டும் 7ஐத் தாண்டியது. அது சீமெந்துக் கழிவின் வேலை. ஒரு நிலத்துக்குள்ளேயே இப்படி இருக்கும், ஒரே இடத்தில் எடுத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

டொலமைட் 20 கிலோ வாங்கினோம், பேர்ச்சுக்கு ஐந்து கிலோ கணக்கு. சுவரோரத்துக்குப் போடவில்லை. தூவி, முள்ளுக் கருவியால் குத்திக் கிளறி, மூன்று கிழமை விட்டுவிட்டோம். பசங்களுக்கு இந்த மூன்று கிழமைதான் பெரிய சோதனை. “சும்மா பாத்துட்டு இருக்கத்தான் கூப்புட்டீங்களா” என்று இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இதை இன்னொரு முறை செய்தால் டொலமைட் போடுகிற அன்றே பழைய வாளிகளில் கொத்தமல்லியும் வெங்காயத் தாளும் போட்டுவிடுவேன். பதினைந்து வயதுக்கு மூன்று கிழமை ஒரு யுகம்.

மார்ச் கடைசியில் பாத்தி எடுத்து ராபு (முள்ளங்கி), பீட்ரூட், போஞ்சி போட்டோம். நிலம் லேசான சரிவு. பார்க்க வரிசையாக இருக்கட்டும் என்று மேலிருந்து கீழாக நீளப் பாத்தி போட்டோம். படம் எடுத்தால் அழகாக இருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு மூன்று நாள் முன்னால், பின்னேரம் ஒரு மணி நேரம் இடியோடு கொட்டிய மழையில் இரண்டு பாத்தி ராபு வீட்டுக்கார அம்மாவின் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அந்தப் படிக்கிற பிள்ளை தன் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாயி தோட்டத்தில் பென்ஷன் எடுத்தவர், மகள் வீட்டில் டவுனில் இருக்கிறார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரு போட்ட பாத்தி இது?” நான்தான் என்றேன். “சேரு, தண்ணிக்கு ஒரு வழி காட்டணும். நீங்க காட்டலன்னா அது பாத்திய வழியா எடுத்துக்கும்.” குச்சியால் தரையில் கோடு கிழித்தார். மலைக்குக் குறுக்கே பாத்தி, ஒவ்வொரு இரண்டு பாத்திக்கும் மேல் பக்கத்தில் ஒரு கான் (வடிகால்), கான் நேராக ஓடக்கூடாது, லேசாகச் சரிந்து ஒரு ஓரத்தில் போய் விழவேண்டும், நடுவில் அங்கங்கே மண்ணை விட்டுத் தடுப்பு வைக்கவேண்டும். தடுப்பில் தண்ணீர் நின்று வண்டலை விட்டுவிட்டுத்தான் தாண்டும். தேயிலை மலையில் கான் வெட்டுகிற முறை அப்படியே. பொறுக்கின கல்லெல்லாம் பாத்தி ஓரத்துக்குக் கட்டாக உதவியது. மேலே மானாப் புல் வெட்டிப் பரப்பினோம். மழைத் துளி நேரே மண்ணில் விழாதவரை மண் ஓடாது.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது பசங்கள் போனில் வீடியோ எடுத்தார்கள். கான் வெட்டுவதற்கு அம்மாயி போட்ட சத்தம் கொஞ்சமில்லை. பழைய கங்காணி யாரையோ பார்த்துப் பழகின சத்தம் என்று நினைக்கிறேன்.

கொம்போஸ்ட் கதை அவமானக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று தேத்தண்ணிக் கடையிலிருந்து தினமும் தேயிலைச் சக்கை, மார்க்கெட்டிலிருந்து கோவா இலையும் கழிந்த மரக்கறியும். எல்லாமே ஈரம், எல்லாமே நைட்ரஜன். ஒரே குவியலாகக் கொட்டினோம். பத்தாம் நாள் கறுப்புத் தண்ணீர் வடிந்து, செத்த எலி வாடை அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் நகரசபைக்குப் போவேன் என்று நின்றார். பிரித்துப் போட்டு, ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்தது என்று மானாவும் சவுக்கு இலையும் கிழித்த அட்டைப்பெட்டியுமாக அடுக்கி, வேலியோரம் முளைத்துக் கிடந்த காட்டுச் சூரியகாந்தியை வெட்டி நடுவில் போட்டு, மூன்று அடி உயரத்துக்குக் கட்டினோம். உயரம் குறைந்தால் எங்கள் குளிருக்குச் சூடே ஏறாது. மேலே பொலித்தீன் மூடி. நடுவில் ஒரு இரும்புக் கம்பி குத்தி வைத்து, பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பிடித்தால் கையில் வைத்திருக்க முடியாத சூடு இருக்கவேண்டும். அந்தக் கம்பியை இழுத்துப் பார்ப்பதற்கென்றே கிளாஸுக்கு முந்தி வருகிற இருவர் இருந்தார்கள். மூன்று மாதத்தில் மண் வாசம் வந்தது.

ஆனால் அதற்குள் ஒரு தப்பு ஒளிந்திருந்தது. கொம்போஸ்ட் போட்டு நட்ட நோக்கோல் (நூல்கோல்) பகலில் வாடும், காலையில் தேறும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கியிருந்தது. ஒருத்தி விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை எண் 1920க்கு போன் போட்டு, வீக்கத்தை விவரித்தாள். வேர்வீக்க நோய், கோவா, நோக்கோல், ராபு ஜாதிக்கெல்லாம் வரும், அந்த இடத்தில் பல வருடத்துக்கு அந்த ஜாதியே வேண்டாம், பிஎச்சை ஏற்றி வைத்திருங்கள் என்று பதில். அதன் வித்து மண்ணில் பத்துப் பதினைந்து வருடம்கூடக் கிடக்கும். வாங்கி நட்ட நாற்றோடு வந்ததா, மார்க்கெட்டிலிருந்து வேரும் மண்ணுமாக அள்ளின ராபுக் கழிவோடு வந்ததா என்று தெரியாது. நான் கழிவைத்தான் சந்தேகிக்கிறேன். கோவா ஜாதி வேரையும் தண்டையும் கொம்போஸ்டில் போடாதீர்கள், இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேயில் எல்லாம் ஒன்றாக வந்தது. தள்ளித் தள்ளிப் போய் 2023 ஓ.எல் (சாதாரண தர) பரீட்சை 2024 மேயில் நடந்தது. தரம் 11 பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு மாதம் காணாமல் போனார்கள். தென்மேல் பருவ மழையும் தொடங்கியது. பசங்களின் பிடிவாதத்தில் திறந்த வெளியில் தக்காளி போட்டிருந்தோம், கொத்து ரொட்டிக்கடைக்கு விற்கலாம் என்று. மூடுபனியும் தூறலும் நாலு நாள் விடாமல் நின்றால் இலை நுனியில் தண்ணீர் ஊறின மாதிரி ஒரு கறை வரும், இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம், அடுத்த கிழமை செடி வெந்த கீரை. நாற்பத்தியிரண்டு செடியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஹட்டனில் மே முதல் செப்டம்பர் வரை கூரையில்லாமல் தக்காளி போடவேண்டாம். இது தெரிந்தும் நான் விட்டுக்கொடுத்தேன். அவர்கள் சொல்வதைத் தட்டிக்கொண்டே இருந்தால் ‘சேர் தோட்டம்’ ஆகிவிடும் என்று பயம். நாற்பத்தியிரண்டு செடி நட்டம் சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அழுகின செடியைப் பிடுங்கி எரித்தது அவர்கள்தான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலையில் கூரை போட்டோம். ஜிஐ பைப்புக்குக் காசில்லை, மூங்கில். முதல் கூரை மூன்றாம் நாள் காற்றில் கிழிந்தது. காரணம் மூங்கிலின் வெட்டு முனை. பொலித்தீன் காற்றில் துடிக்கும்போது ஒவ்வொரு முனையும் கத்தி. இரண்டாம் முறை ஒவ்வொரு முனைக்கும் பழைய பாட்டா செருப்பை வெட்டித் தொப்பி போட்டு, சைக்கிள் டியூபைக் கீறிக் கயிறாக்கி இறுக்கினோம். டியூப் கயிறு காற்றுக்கு இழுபட்டுக்கொடுக்கும், கம்பி மாதிரி அறுக்காது. பக்கங்களை மூடாமல் விட்டோம். காற்றோட்டம் இல்லாவிட்டால் கூரைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். அதன் கீழ் சலாது, கறிமிளகாய், கொத்தமல்லி. வெளியே லீக்ஸும் பீட்ரூட்டும், மழையைப் பொருட்படுத்தாத சாதி.

இந்தப் பசங்களை உண்மையிலேயே கட்டிப்போட்டது எது என்று கேட்டால், நத்தை. இரவு ஏழரைக்கு கிளாஸ் முடிந்ததும் போன் டோர்ச்சோடு பின்னால் போவார்கள். பாத்தியில் ஈரச் சாக்கை விரித்துவைத்தால் நத்தையெல்லாம் அடியில் கூடும், புரட்டி எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில். யார் எத்தனை என்று சுவரில் கரியால் கணக்கு. சனிக்கிழமை எட்டிப் பார்க்காத ஆட்களெல்லாம் நத்தைக்கு வந்தார்கள். ஒரு இரவில் 213. அந்த எண் இன்னும் சுவரில் இருக்கிறது. அட்டை கடித்தது தனிக் கணக்கு.

ஆகஸ்டுக்குள் மேரக்காய்ப் பந்தல் ரோட்டுப் பக்கத்தை முழுசாக மூடியது. பேனரை அவிழ்த்தோம். அதற்கிடையில் அம்மாயி ஒரு வியாபாரத்தைக் கண்டுபிடித்தார். மேரக்காய்க் கொடியின் நுனியைச் சுண்டலுக்குப் பறிப்பது எங்கள் வீடுகளில் வழக்கம், டவுன் கடையில் கிடைக்காது. கட்டுக் கட்டி விற்கலாம். நுனியை எங்கே கிள்ளுவது என்று பேத்திக்குக் காட்டினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இழுக்காமல், ஒடித்து. நுனியும் அதற்கடுத்த இரண்டு இலையும். அந்தப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் இரண்டு கையாலும் பறிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் ஒரு கட்டு கட்டுவதற்குள் அவள் மூன்று. “கை தெரியுதே” என்றார் அம்மாயி. பிள்ளை சிரிக்கவில்லை. அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டு பொலித்தீன் கட்டப் போய்விட்டேன்.

விற்பனை சனிக்கிழமை கிளாஸ் முடிகிற நேரத்தில். கூட்டிப்போக வருகிற அப்பா அம்மாமார்தான் வாடிக்கை. கிளாஸ் பிள்ளைகளே முதலில் கீரையை விற்றார்களே தவிர தின்னவில்லை. காசு கிடைத்தால் ரோல்ஸும் நூடில்ஸும்தான். பள்ளிக்கூடத்தில் இரும்புக் குளிசை கொடுத்தால் பாதிப் பேர் பையிலேயே வைத்திருப்பார்கள். சோற்றோடு சோறாகப் பிளேன்டீ குடிப்பது கீரையில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், கீரைக்கு மேல் தேசிக்காய் பிழியுங்கள் என்று பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். தேயிலை நாட்டில் யார் கேட்பது. ஒரு சனிக்கிழமை அம்மாயி கோதுமை மாவில் மேரக்காய்க் கொழுந்தும் பச்சை மிளகாயும் வெங்காயத் தாளும் பொடியாக அரிந்து போட்டு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். கட்டச் சம்பலோடு இருபத்தைந்து ரொட்டி பத்து நிமிடம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ரொட்டிக்கு ஒதுக்கினது போகத்தான் விற்பனை. கடைக் கணக்கு எழுதுகிற எங்கள் ‘கணக்குப் பிள்ளை’க்கு இதில் மனவருத்தம்.

கணக்கை அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு முந்தின கிழமை முடித்தோம். டொலமைட், விதை, நாற்று, மூங்கில், இரண்டு தடவைப் பொலித்தீன், இரண்டு மம்பட்டி, கம்பி எல்லாம் சேர்த்துச் செலவு 21,650. வரவு 17,320. நட்டம் 4,330. இதுவரை சரி. லொறிக்காரர் மருமகன் கேட்டான்: “நம்ம சம்பளம் எங்க?”

அந்த மாதங்களில் எல்லா வீட்டிலும் சம்பளப் பேச்சுத்தான். தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,700 என்று மேயில் வர்த்தமானி வந்து, கோர்ட்டுக்குப் போய், செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வந்து நின்றது. அவன் அந்த 1,350ஐயே எடுத்தான். வேலை நடந்த சனிக்கிழமை 28. சராசரி ஒன்பது பேர், மூன்று மணி நேரம். மொத்தம் 756 மணித்தியாலம். எட்டு மணிக்கு ஒரு நாள் என்றால் தொண்ணூற்று நாலரை நாள். சம்பளம் மட்டும் 127,575 ரூபாய். நத்தை பிடித்த இரவுகளைச் சேர்க்கவில்லை. விற்றதெல்லாம் 80 ரூபாய்க் கீரைக் கட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டை ஏறத்தாழ 690 ரூபாய்க்கு விற்றிருக்க வேண்டும்.

கிளாஸில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஜனவரியில் ‘இந்தக் காசு யாருக்குப் போகுது’ என்று கேட்டவர்கள், இப்போது கரும்பலகையில் 110 ரூபாய் என்று எழுதியிருந்த கோவாவுக்குத் திரும்பிப் போனார்கள். அந்தச் சித்திக்கு நாள் கூலி எவ்வளவு விழுகிறது என்று ஒருத்தி கேட்டாள். சித்தியின் மகள் முறைக்காரியே போன் எடுத்தாள். சித்தி சிரித்துவிட்டு, அதெல்லாம் பார்த்தால் விவசாயம் செய்ய முடியாது என்றாராம்.

நட்டத்தைக் குறைக்க ஒரு யோசனை வந்தது. கிளாஸ் ஆட்களுக்கு மட்டும் விற்றால் போதாது, ரோட்டில் போகிறவர்களும் வாங்கவேண்டும். அதற்கு விலைப் பலகை ரோட்டுக்குத் தெரியவேண்டும். இடையில் மேரக்காய்ப் பந்தல். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கத்தியை எடுத்து, பழைய கொடியாகப் பார்த்து, மூன்றடிக்கு இரண்டடி ஜன்னல் மாதிரி வெட்டினாள். முற்றின கொடியை வெட்டினால் அடியிலிருந்து புதுசு வரும், செடிக்கும் நல்லது என்று என்னிடம் விளக்கம் வேறு.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அந்த ஜன்னல் வழியாக அவளுடைய அம்மாதான் எட்டிப் பார்த்தார், துணிக்கடையிலிருந்து வருகிற வழியில்.

“கொழுந்து கட்டு எவ்ளோ?”

“எண்பது.”

“மார்க்கெட்ல கீர அறுவதுக்கு குடுக்கறாங்க.”

“அது தம்புள்ளைக்கு போய்ட்டு வந்த கீர. இது மத்தியானம் பறிச்சது. எண்பது.”

“நான் ஒன் அம்மாடி.”

“தெரியும். எண்பது.”

அம்மா இரண்டு கட்டு எடுத்து, இருநூறு ரூபாய் கொடுத்து, மிச்சத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கணக்குப் பிள்ளை நாற்பது ரூபாயை எண்ணி, ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.